எழுதுகோலும் படக்கருவியும்



திரைப்படம் என்றதும் நடிகரின் பெயரையே முதலில் சொல்லிப் பழகியவர்கள் நாம். பிரெஞ்சு நாட்டில் 1948-இல் அலெக்சாந்தர் அஸ்த்ருக் என்பவர், எழுத்தாளனுக்கு எழுதுகோல் எப்படியோ அப்படியே இயக்குநனுக்குப் படக்கருவி என்று எழுதினார். 1954-இல் த்ரூஃபோ அக்கருத்தை மேலும் கூர்மையாக்கினார். படத்தின் ஆசிரியன் இயக்குநனே. அவனது நடை படத்துக்குப் படம் தொடர்ந்து வரும் என்பது அவர்கள் வாதம். தச்சரும் தையற்காரரும் ஒளிப்பதிவாளரும் கூடி உழைக்கும் ஒன்றுக்கு ஒருவரையே ஆசிரியர் என்பது சற்று மிகையென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அதில் ஓர் உண்மை உண்டு. அதைப் பாரிசில் தேடாமல், பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த செனகலில் தேடுவோம்.

ஏனெனில் அந்தப் புதிய எழுதுகோல் எல்லார் கைக்கும் எட்டியதன்று. 1934-இன் லவால் ஆணைப்படி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் முன்அனுமதியின்றிப் படமெடுக்க இயலாது. ஆப்பிரிக்கரைப் பிறர் படம்பிடித்தனர். தம்மைத் தாமே படம்பிடிக்க அவர்களுக்கு வழியில்லை.

உஸ்மான் செம்பேன் 1923-இல் செனகலில் ஒரு மீனவரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. மார்செய் துறைமுகத்தில் சுமை தூக்கினார். அவ்வாழ்வையே 1956-இல் நாவலாக்கினார். ஆனால் யாரைப்பற்றி எழுதினாரோ, அவர்களில் மிகப்பலர் எழுத்தறியாதவர்கள். ஆகவே நாற்பதை நெருங்கும் வயதில் மாஸ்கோ சென்று திரைக்கலை பயின்றார். திரைப்படம் மக்களின் இரவுப்பள்ளி என்று அவர் சொல்வதுண்டு.

இனி அவரது நடை. ஒரு பொருளைக் காட்டியே கதையின் உட்பொருளை உணர்த்துவது அவர் வழக்கம். 1963-இல் வந்த 'போரோம் சரே' ஏறத்தாழ 20 நிமிடப் படம். டக்கார் நகரின் ஏழை வண்டிக்காரர், வண்டி செல்லக்கூடாத வசதிபடைத்தோர் பகுதிக்குள் நுழைகிறார். காவலர் மறிக்கிறார். வண்டிக்காரரின் பதக்கம் கீழே விழுகிறது. அதன்மேல் காவலரின் காலணி. வேறு விளக்கமே கிடையாது. 1966-இன் 'கறுப்புப் பெண்' படத்தில், வீட்டுவேலைக்காரி தியுவானா டக்காரில் எசமானிக்கு அன்பளித்த முகமூடி, பிரான்சில் வெள்ளைச் சுவரில் தனியே தொங்குகிறது. அவள் மாண்டபின் எசமானன் அதைத் திருப்பித்தர டக்காருக்கு வருகிறான். சிறுவன் ஒருவன் அம்முகமூடியை அணிந்து அவனைப் பின்தொடர, அவன் நடையைத் துரிதப்படுத்துகிறான். 1968-இன் 'மண்டபி' மக்களின் வோலோஃப் மொழியிலேயே பேசியது. பாரிசிலிருந்து வந்த மணியார்டரைப் பணமாக்க அடையாள அட்டை வேண்டும். அட்டைக்குப் பிறப்புச் சான்று வேண்டும். அலுவலகப் படிகளை ஏறி இறங்கிய நம்மவர்க்கு இப்படத்தை விளக்கத் தேவையில்லை.

பதக்கம், முகமூடி, மணியார்டர். இம்மூன்றும் ஒரே கைப்பட வந்தவை என்று பெயர் பாராமலே சொல்லிவிடலாம்.

1977-இல் அவரது 'செட்டோ' வெளிவந்தபோது, உரோமன் எழுத்தில் தலைப்பை எழுதுகையில் 'டி' ஒருமுறைதான் வரவேண்டும் என்றது செனகல் அரசு. இருமுறை என்றார் செம்பேன். சமயம்பற்றிய படத்தின் கருத்தே தடைக்கு மெய்யான காரணம் என்போரும் உண்டு. அவர் அந்த ஓரெழுத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சொந்த நாட்டில் சில ஆண்டுகள் படம் திரைக்கு வரவில்லை.