செக் மொழியில் நாலு சொல்



பிராக் நகரம் உழைப்பாளிகளுக்குப் புதிதல்ல. உலகத் தொழிற்சங்க சம்மேளனம் 1956 முதல் பல்லாண்டுக் காலம் அங்கிருந்துதான் இயங்கியது. ஊர்க்காரர்கள் அதை 'ப்ரஹா' என்பார்கள். ரயில் நிலையப் பலகையிலும் அப்படித்தான் இருக்கும்.

செக் மொழிக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. நம் மொழியைப் போலவே குறில், நெடில் உண்டு. உயிரெழுத்தின் தலைமேல் சாய்ந்த கோடு இருந்தால் நெடில். சொல்லின் முதல் அசையை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆளைக் கண்டால் 'தோப்ரீ தென்', அதாவது வணக்கம். இரண்டு தகரமும் 'தினம்' என்பதில் வருவதுபோல் ஒலிக்கும். 'ப்ரோசீம்' என்றால் தயவுசெய்து. 'தியெகுயி' என்றால் நன்றி. 'அனோ' ஆம், 'நெ' இல்லை. புரியாவிட்டால் 'நெரொஸுமீம்'. விலை கேட்க, 'கொலிக் தோ ஸ்தோயீ?'

நாம் முன்பே அறிந்த செக் சொல்லும் ஒன்று உண்டு. பண்ணையார் நிலத்தில் குடியானவன் கூலியின்றிச் செய்த கட்டாய வேலைக்கு 'ரோபோத்தா' என்று பெயர். 1848 புரட்சியில் அது ஒழிந்தது. 1920-ல் காரெல் சாப்பெக், அண்ணன் யோசெப் சொன்ன யோசனைப்படி, தம் நாடகத்தில் வரும் செயற்கைத் தொழிலாளிக்கு 'ரோபோட்' என்று பெயரிட்டார். இன்று ஆலைக்குள் வரும் இயந்திரத்திற்கும் அதே பெயர்.

அந்த இயந்திரம் யார் லாபத்திற்கு ஓடுகிறது? அந்தக் கேள்வியை எந்த மொழியிலும் கேட்போம்!