வெண்பொடியில் காந்தம்



மண்டபம், இராமேசுவரம் கடற்கரைகளில் உலர்ந்த மணலினூடே ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். கருந்துகள் சில ஒட்டிக்கொண்டு வரும். அதனைக் கண்டு, 'மணல் காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள்' என்று ஒருவர் கூறினால் ஒப்புவீர்களா? ஈர்க்கப்பட்டது மணலன்று, அதிற் கலந்துள்ள இரும்புத்தாதே ஆகும். இதே ஐயம் பௌதிக அறிஞர்களின் சோதனைச்சாலையிலும் எழுந்தது. அந்த வரலாற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

துத்தநாக ஆக்ஸைடு என்பது மருந்துக் களிம்புகளிற் சேரும் வெண்பொடி. அது ஒரு குறைகடத்தி. காந்தம் அதனை ஈர்ப்பதில்லை. மிக மெல்ல விலக்கவே செய்யும். அதனுள் மாங்கனீஸ், கோபால்ட் போன்ற உலோக அணுக்களைச் சிறிதளவு புகுத்தினால் என்ன நேரும்? கணிப்பொறியிற் கணக்கிடுவது குறைகடத்தி. வன்தட்டிற் செய்தியைத் தேக்கி வைப்பது காந்தம். ஒரே பொருள் இவ்விரு பண்புகளையும் பெறுமாயின் இரு வேலைகளையும் அதுவே செய்யுமன்றோ?

மாங்கனீஸ் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடு, அறை வெப்பநிலையிலும் இரும்பைப் போற் காந்தமாக நிற்கக்கூடும் என்று 2000-ஆம் ஆண்டில் டீட்டல் என்பாரும் அவர்தம் குழுவினரும் கணக்கிட்டுக் கூறினர். கோபால்ட் சேர்த்த டைட்டானியம் ஆக்ஸைடுப் படலத்தில் அத்தகைய காந்தத்தைக் கண்டதாக 2001-இல் ஜப்பானிய அறிஞர் அறிவித்தனர். ஆய்வுகள் பெருகின, முடிவுகளோ முரண்பட்டன.

2005-இல் சி. என். ஆர். ராவும் தீபக்கும் மாங்கனீஸ், கோபால்ட் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடைப் பெங்களூரில் தயாரித்து அளந்தனர். எதிர்பார்த்த காந்தம் காணப்படவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மற்றோர் உண்மையைக் காட்டினர். ஹாஃப்னியம் ஆக்ஸைடுப் படலத்தை எஃகு இடுக்கியாற் பிடித்தாலே போதும். இடுக்கியின் இரும்பு ஒட்டிக்கொண்டு பொய்க்காந்தம் தோன்றிவிடும்! மணலிற் கண்ட கருந்துகளின் கதைதான் இதுவும்.

அவ்வாறாயின் யாவும் பொய்யோ எனின், அன்று. 2006-இல் பெங்களூர் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் சுந்தரேசன், ராவ் முதலியோர், வேற்றுலோகம் எதுவும் சேர்க்காத ஆக்ஸைடுகளின் மீநுண்துகள்களிலேயே மெல்லிய காந்தத்தைக் கண்டனர். அத்துகள்கள் 7 முதல் 30 நானோமீட்டர் அளவின. ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர். துகள் சிறுக்கச் சிறுக்க, மொத்த அணுக்களில் மேற்பரப்பில் அமைவன மிகுகின்றன. அங்கே ஆக்ஸிஜன் அணு இல்லாத வெற்றிடங்களில் நிற்கும் எலெக்ட்ரான்களே இக்காந்தத்துக்குக் காரணம் என்று அவர்கள் கருதினர். துகள்களை உயர் வெப்பத்திற் சுட்டுக் கெட்டியாக்கியதும் காந்தம் மறைந்தது. ஆயினும் இதுபற்றி அறிஞரிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை.

மெல்லிய காந்தப் பண்பை அளப்பதில் வழிகாட்டிய பெரியார் ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே தோன்றியவர். வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், படிகங்களை நுண்ணிய இழையிலே தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை திரும்புவதைக் கொண்டு அவற்றின் பண்பை அளந்தார். அத்தகைய நுட்பமும் பொறுமையும் உங்களுக்கும் வேண்டும்.

ஆசிரியப் பணியில் மாணாக்கருக்கு நான் இடைவிடாது கூறிவந்தது ஒன்றுண்டு: விரும்பிய விடை கிடைத்த நாளிலேதான் சோதனையை மறுமுறை செய்து பார்க்க வேண்டும். கருவி காட்டுவது எண் மட்டுமே. அவ்வெண் பொருளுக்கு உரியதா, இடுக்கிக்கு உரியதா என்று தெளிவது மனிதனின் கடமை.