கா விட்டவர்கள் பழம் விடட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் உள்ள வீட்டாருக்காக நிகழ்த்திய உரை. வர இயலாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



மழலையர் பள்ளியில் 28 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். விஷயம் உங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் மணல் தொட்டியில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டது. இரண்டும் மறுநாளே ஒன்றாகச் சறுக்குமரத்தில் ஏறின. ஆனால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இன்றுவரை லிஃப்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில், "ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை மாலையில் விளையாட்டுத் திடலுக்கு விட வேண்டாம்" என்று ஒரு மனு கமிட்டியிடம் வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். அதற்கு முன் குழந்தைகள் பக்கத்தை நீங்கள் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் இந்த வயதில் எது முடியும், எது முடியாது என்று பார்ப்போம்.

மூன்று வயதுக் குழந்தையிடம் "அவனுக்கு வலிக்கும்ல, யோசிச்சுப் பாரு" என்கிறோம். இன்னொருவர் மனசுக்குள் வேறொரு எண்ணம் இருக்கும் என்று ஊகிக்கும் திறமை அதற்கு இன்னும் முழுசாக வந்திருக்காது. ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். பையன் திரும்பி வந்தால் எந்த அலமாரியைத் திறப்பான்? மூன்று வயதுக் குழந்தைகள் சாக்லேட் இப்போது இருக்கும் அலமாரியையே காட்டின. தனக்குத் தெரிந்தது அந்தப் பையனுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. நான்கு, ஐந்து வயதில்தான் இது மெல்லப் பிடிபடத் தொடங்குகிறது. பேரனிடம் சொல்லிப் பாருங்கள், நல்ல விளையாட்டு.

அடிப்பது, கடிப்பது, தள்ளுவதும் அப்படித்தான். அடிதடி அதிகம் இருப்பது கல்லூரி வயதில் என்று நினைக்கிறோம். கனடாவின் மான்ட்ரியலில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற ஆய்வாளர் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கையை ஓங்குவது உச்சத்தில் இருப்பது இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் என்பதே அவர் கண்டது. பிறகு பெரும்பாலான குழந்தைகளிடம் அது குறைந்துகொண்டே வருகிறது. பேச்சு வளர்கிறது, "எனக்கு வேணும்" என்று கேட்கத் தெரிகிறது, பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் வேறு வழி காட்டுகிறார்கள். கடித்த குழந்தை கெட்ட குழந்தை இல்லை. வார்த்தை கிடைக்காமல் பல்லை எடுத்த குழந்தை, அவ்வளவுதான். அதற்காகக் கடிபட்ட பிள்ளைக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. அந்த அம்மாவின் கோபமும் நியாயமானதுதான்.

அப்படியானால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

முதலில் கடிபட்ட குழந்தையிடம் போங்கள். கழுவிவிடுங்கள், தூக்கிக்கொள்ளுங்கள். கடித்த குழந்தைக்கு முதல் கவனம் கிடைக்கக் கூடாது. பிறகு கடித்த குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து, சின்னக் குரலில் இரண்டே வாக்கியம் சொல்லுங்கள்: "உன் வாளியை எடுத்துட்டான்னு கோபம் வந்துச்சு. கடிக்கக் கூடாது, 'என் வாளி, குடு'ன்னு சொல்லணும்." அதற்கு மேல் பிரசங்கம் வேண்டாம். அழுது கொதிக்கும் குழந்தையின் காதில் மூன்றாவது வாக்கியம் ஏறாது. நீங்கள் கத்தினால் அது உங்கள் கத்தலைத்தான் படித்துக்கொள்ளும். நம்முடைய நிதானத்தைக் கடன் வாங்கித்தான் குழந்தை அடங்குகிறது.

இங்கே உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குழந்தையிடம் அதிகம் சொல்வது "அழாதே". அதற்கு அடுத்தது, "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" குழந்தை கால் தடுக்கி விழுந்தால் பாட்டி தரையை ஓங்கித் தட்டி, "தரைதானே தள்ளிவிட்டுச்சு, அடிச்சுட்டேன் பாரு" என்பார். அன்போடு சொல்வதுதான். ஆனால் குழந்தைக்குப் போய்ச் சேரும் பாடம், எனக்கு வலித்தால் யாரையாவது அடிக்க வேண்டும் என்பது. தரையை விட்டுவிட்டு, "வலிக்குதா? பயந்துட்டியா? வா, ஊதிவிடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கோபம், பயம், ஏமாற்றம், வெட்கம், பொறாமை, சலிப்பு என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! சோறு ஊட்டும்போதும் கதை சொல்லும்போதும் ஒவ்வொன்றாகக் குழந்தை காதில் போட்டுவையுங்கள். "தம்பிப் பாப்பாவை எல்லாரும் தூக்கறாங்கன்னு உனக்குப் பொறாமையா இருக்கா?" என்று கேட்டால் குழந்தை கெட்டுப்போகாது. தன் மனசில் நடப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அது அம்மாவுக்கும் தெரிகிறது என்று தெம்பாகும்.

அடுத்து, பொறுமை. "பிள்ளைக்குப் பொறுமையே இல்லை" என்று என்னிடம் சொல்லாத பெற்றோரே இல்லை. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 28 குழந்தைகளை வைத்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேளுங்கள். முதலில் படம் வரையச் சொல்லி, "கொஞ்சம் காத்திரு, இதைவிட நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்" என்றார்கள். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மீதிப் பாதியிடம், "மன்னிச்சுக்கோ, இல்லை" என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். அதன் பிறகு ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, "நான் வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இன்னொன்று தருவேன்" என்றார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் சுமார் 3 நிமிடம்தான். காத்திருந்தால் கிடைக்குமா என்ற நம்பிக்கையைப் பொறுத்துப் பொறுமையும் மாறுகிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஆபீஸுக்குக் கிளம்பும்போது, "அம்மா கடைக்குப் போயிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இரவு எட்டு மணிக்கு வருகிறோம். அல்லது பாட்டி பால்கனியில் காக்கா காட்டும் நேரத்தில் நழுவிவிடுகிறோம். ஊசி போட அழைத்துப் போகும்போது "வலிக்கவே வலிக்காது" என்கிறோம். "சாப்பிடலைன்னா போலீஸ்காரர் பிடிச்சுட்டுப் போயிடுவார்" என்கிறோம், எந்தப் போலீஸ்காரரும் வருவதில்லை. குழந்தை எல்லாவற்றையும் கணக்கு வைத்துக்கொள்கிறது. அழுதாலும் பரவாயில்லை, முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள்: "அம்மா ஆபீஸ் போறேன். நீ ராத்திரி சாப்பிடறதுக்குள்ள வந்துடுவேன்." அதன்படி வந்துவிடுங்கள். வர முடியாத நாளில் போன் செய்து அதையும் சொல்லிவிடுங்கள்.

மன்னிப்பு விஷயத்துக்கு வருகிறேன். சண்டை முடிந்ததும் பிள்ளையின் தோளைப் பிடித்து, "சாரி சொல்லு, சொல்லு" என்று உலுக்குகிறோம். அது "சாரி" என்று முனகிவிட்டு ஓடிப்போகும். குழந்தைகள் சமாதானமாக நம் ஊரில் அதைவிட நல்ல ஏற்பாடு இருந்தது. கோபம் என்றால் "கா" விட்டுவிடுவோம். கோபம் தீர்ந்ததும் விரலை நீட்டிப் "பழம்" விடுவோம். இதில் எவ்வளவு நயம் இருக்கிறது பாருங்கள். எனக்குக் கோபம் என்று அடிக்காமல் அறிவிக்கலாம். பேசாமல் இருக்க அனுமதி உண்டு. திரும்பி வர ஒரு கதவும் உண்டு. அந்தக் கதவு திறக்கும் நேரத்தைக் குழந்தைகளே முடிவு செய்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். கூடவே கையால் செய்யக்கூடிய ஒரு பரிகாரத்தையும் பழக்குங்கள். இடித்த மணல் வீட்டைச் சேர்ந்து கட்டித் தருவது, அழும் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது போல ஏதாவது.

"இதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமே, திடலுக்கு எதற்கு விட வேண்டும்?" என்று மனுவில் கையெழுத்திட்ட ஒருவர் என்னிடம் கேட்டார். நீச்சலைக் கூடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க முடியாது என்றுதான் சொன்னேன். வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள். கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுகிறோம். விட்டுக்கொடுக்காத ஓர் ஆள் குழந்தைக்கு வேண்டும், அது இன்னொரு குழந்தைதான். மூன்று வயதில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியே விளையாடுவார்கள். நான்கைந்து வயதில் "நீ டாக்டர், நான் பேஷன்ட்" என்று சேர்ந்து ஆடுவார்கள். சொப்பு வைத்துச் சமைக்கும்போது, தோசை வேகும்வரை காத்திருப்பதும் கிடைத்த ஒரு தோசையைப் பிட்டுக் கொடுப்பதும் தானாகவே நடக்கும்.

பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுவதிலும் லாபம் உண்டு. கண்ணாமூச்சியில் குட்டிப் பையனையும் சேர்த்துக்கொண்டு, அவுட் ஆனாலும் அவுட் இல்லை என்று ஆட விடுவார்களே, "ஒப்புக்குச் சப்பாணி" என்று? அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளலாம், வழக்கத்தை விட்டுவிட வேண்டாம். குட்டிக்கு ஆட்டத்தின் விதி பழகுகிறது. எட்டு வயது அக்காவுக்குச் சின்னவர்களை அனுசரிக்கப் பழகுகிறது. "சா பூ த்ரி" போட்டு யார் முதலில் என்று முடிவு செய்யும்போது, தோற்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்றும், திரை முன் உட்காரும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. மாலை நேரத் திடலை மூடினால் அந்தக் குழந்தைகள் எங்கே போவார்கள் என்று உங்களுக்கே தெரியும். சோபாவுக்கும் போனுக்கும்தான். அழுகையை நிறுத்தப் போனைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டால், தானே அடங்கிப் பழகும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கை நழுவுகிறது.

ஆகவே மனுவுக்குப் பதிலாகக் கமிட்டி முன் நான் வைக்கும் யோசனைகள் இவை.

மாலை 5 முதல் 6 வரை மணல் தொட்டிப் பக்கம் சின்னவர்களுக்கு. அந்த ஒரு மணி நேரமும் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் முறை வைத்துப் பக்கத்தில் இருக்கட்டும், போனைப் பைக்குள் வைத்துவிட்டு. கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதும், ஒவ்வொரு வாளிக்கும் பஞ்சாயத்து வேண்டாம். கை ஓங்கினால் மட்டும் குறுக்கே போங்கள்.

அடுத்த வீட்டுப் பிள்ளையை யாரும் அதட்ட வேண்டாம். தடுக்கலாம், தூக்கி நகர்த்தலாம், அதன் அம்மாவிடம் நேரில் சொல்லலாம். குழந்தைகள் சண்டை வாட்ஸ்அப் குழுவுக்கு வரவே கூடாது. ஆயாவோ தாத்தாவோ அழைத்து வந்தால் அவர்களுக்கும் இதே விதிகளைச் சொல்லிவையுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் "வயசானா சரியாயிடும்" என்று இருந்துவிடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, பேசிய வார்த்தைகளை மறந்துகொண்டே வரும் குழந்தை, நான்கு வயதிலும் மற்ற பிள்ளைகள் பக்கமே போகாத குழந்தை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தை என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்னும் மாவட்ட மையங்கள் இதற்கென்றே இருக்கின்றன. சீக்கிரம் போனால் அதிகம் பலன் உண்டு. இதில் யாருடைய வளர்ப்பையும் குறை சொல்ல எதுவும் இல்லை.

கடைசியாக அந்த இரண்டு வீட்டாருக்கும், இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். உங்கள் குழந்தைகள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சண்டைக்குப் பிறகு பெரியவர்கள் எப்படிப் பேசத் தொடங்குகிறார்கள் என்பதை அவர்கள் வேறு யாரிடமும் கற்றுக்கொள்ள முடியாது. லிஃப்டில் பார்த்தால் "சாப்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். சனிக்கிழமை மாலை 5 மணிக்கு மணல் தொட்டிப் பக்கம் முதல் முறைக்கு நான் இருப்பேன். துணைக்கு இன்னொரு வீட்டார் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.