மாதிரியும் மூலமும்: ஒரு ரயில் கண்காட்சி தந்த மொழிச் சிந்தனைகள்



மொழியியல் சார்ந்த எப்பொருள் பற்றியும் பேசலாம் என்று பேரவையினர் நமக்கு உரிமை தந்தனர். நாம் தேர்ந்துகொண்டது மாதிரி ரயில் கண்காட்சி. தலைப்பைக் கண்டு வியந்தவர்கள் இவ்வவையில் இருக்கக்கூடும். பொறுத்தருள்க. சொல்லிலிருந்தே தொடங்குவோம்; ரயில் பின்னால் வரும்.

'மாதிரி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பேச்சில் 'ரயில் மாதிரி நீளம்' என்கிறோம். அங்கே அச்சொல் உவம உருபின் வேலையைச் செய்கிறது. இரு சொற்களையும் இடம் மாற்றி 'மாதிரி ரயில்' என்றால், மேசைமேல் ஓடும் சிறு வண்டி நம் கண்முன் வருகிறது. பள்ளியில் 'மாதிரிக் கட்டுரை' என்று ஒன்று உண்டு. இங்கேதான் ஒரு முரண் தலைகாட்டுகிறது. மாதிரி ரயில் என்பது உண்மை ரயிலைப் பார்த்துப் பின்னர்ச் செய்யப்படுவது. மாதிரிக் கட்டுரையோ முன்னரே வந்துவிடுகிறது. அதைப் பார்த்து மாணவர் பின்னர் எழுதுகிறார். ஒன்றில் மாதிரி நகல். மற்றொன்றில் மாதிரியே மூலம்.

ஆங்கிலத்திலும் இத்தகைய தலைகீழ் வழக்கு ஒன்று இருப்பதை நாம் கேட்டறிந்தது இங்கிலாந்தின் யார்க் நகரில். அங்கே ஈஸ்டர் விடுமுறைதோறும், குதிரைப் பந்தயத் திடலைச் சேர்ந்த மண்டபங்களில் மாதிரி ரயில் கண்காட்சி நடைபெறும். பொறியாளர் பேச்சில் 'புரோட்டோடைப்' என்றால், ஒரு கருவியைப் பெருமளவில் உருவாக்குமுன் சோதனைக்காகச் செய்து பார்க்கும் முதல் உரு. மாதிரி ரயில் செய்வோரின் பேச்சில் அதே சொல், உலகில் உண்மையாக ஓடும் முழு அளவு ரயிலைக் குறிக்கும். "புரோட்டோடைப்பில் இந்தக் குழாய் இடப்பக்கம் இருந்தது" என்று ஒருவர் சொன்னால், அவர் 100 டன் எடையுள்ள உண்மை எஞ்சினைப் பற்றிப் பேசுகிறார் என்று கொள்ளவேண்டும். தாம் செய்ததை நடுவில் வைத்து, உலகத்தை அதன் முன்னோடியாக எண்ணும் துணிச்சல் அவர்களுக்கு உண்டு. இலக்கணம் எழுதுவோரிடமும் இத்துணிச்சல் சில வேளை தென்படுவதுண்டு. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

யார்க் நகருக்குச் செல்வோர்க்கு ஒரு வசதி உண்டு. தேசிய ரயில் அருங்காட்சியகமும் அந்நகரிலேயே இருக்கிறது. 1938ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், மணிக்கு 126 மைல் வேகம் எட்டி, நீராவி எஞ்சின்களுள் உலகச் சாதனை படைத்த 'மல்லார்ட்' அதற்குரியது. காலையில் மூலங்களைக் கண்டு, பிற்பகலில் மாதிரிகளைக் காணலாம்.

கண்காட்சி மண்டபத்தில் 'லேஅவுட்' என்று அவர்கள் வழங்கும் அமைப்புகள் வரிசையாக நிற்கும். சில ஒரு மேசை அளவு. சில வகுப்பறை நீளம். மரச்சட்டத்தின்மேல் பலகை, அதன்மேல் தண்டவாளம், சல்லி, நிலையம், கால்வாய், ஆட்டுமந்தை, குடைபிடித்த பெண். பார்வையாளர் பக்கம் இவையெல்லாம் தெரியும். திரையாக நிற்கும் வானத்திற்குப் பின்னே மற்றொரு பகுதி உண்டு. அதற்கு 'ஃபிடில் யார்டு' என்று பெயர். காட்சியைவிட்டு மறையும் ரயில் அங்கே சென்று நிற்கும். ஆட்கள் கையாலேயே பெட்டிகளைக் கழற்றி மாற்றி, திசை திருப்பி, வேறொரு ரயிலாக மீண்டும் காட்சிக்குள் அனுப்புவர். அங்கே புல்லும் இல்லை, வீடும் இல்லை. வெறும் பலகையும் தண்டவாளங்களுமே. அங்குள்ள பிள்ளைகளைப் போலவே நாமும் பின்பக்கத்தில்தான் நெடுநேரம் நின்றோம்.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். அது ஓர் அளவு பற்றியது.

பிரிட்டனில் பெரும்பாலோர் கையாளும் அளவுக்கு 'ஓஓ' என்று பெயர். உண்மையில் 1 அடியாக இருப்பது இங்கே 4 மில்லிமீட்டர். அதாவது ஏறத்தாழ 76இல் ஒரு பங்கு. பிரிட்டனின் பொதுவான ரயில்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 4 அடி 8½ அங்குலம். கணக்குப்படி மாதிரியில் அது 18.83 மில்லிமீட்டராக இருக்கவேண்டும். கடையில் விற்கும் ஓஓ தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். இதைத் திருப்பிக் கணக்கிட்டால் 4 அடி 1½ அங்குலம் வருகிறது. 7 அங்குலம் குறைவு. ஒரு சாணுக்குச் சற்றே உட்பட்டது. நேர் எதிரே நின்று எஞ்சினைப் பார்த்தால், பருத்த உடலும் ஒடுங்கிய காலுமாகத் தோன்றும்.

ஏன் இப்படி? ஐரோப்பாக் கண்டத்தில் 'எச்ஓ' என்னும் அளவு வழங்குகிறது. அது 1 அடிக்கு 3.5 மில்லிமீட்டர், அதற்கு 16.5 மில்லிமீட்டர் அகலம் சரியானதே. பிரிட்டனின் எஞ்சின்களோ, குறுகிய சுரங்கவழிகளுக்கும் தாழ்ந்த பாலங்களுக்கும் ஏற்ப, உருவில் சிறியவை. அவற்றை எச்ஓ அளவில் செய்தால், அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே உடலை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தைப் பழைய அகலத்திலேயே விட்டுவிட்டனர். 1938இல் வெளிவந்த 'ஹார்ன்பி டப்ளோ' ரயில்கள் இவ்வளவை வீடுதோறும் பரப்பின. மோட்டார் சிறுத்துப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. காரணம் போயிற்று, அளவு நிலைத்துவிட்டது. மொழி வரலாறு பயின்றோர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இக்குறையைப் பொறுக்க முடியாதவர்கள் 18.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு மரபை வளர்த்தனர். அதுவும் போதாது என்றவர்கள், 1960களில், சரியான 18.83 மில்லிமீட்டரிலேயே தண்டவாளமும் அதற்கேற்ற மெல்லிய சக்கரங்களும் அமைத்தனர். சிக்கல் என்னவெனில், ஒரு மரபினரின் வண்டி மற்றொரு மரபினரின் தண்டவாளத்தில் ஓடாது. துல்லியத்தை நாடியவர் கடையில் வாங்கிய வண்டியை அப்படியே ஓட்ட முடியாது; சக்கரங்களை மாற்றவேண்டும், தண்டவாளத்தையும் தாமே இடவேண்டும். பொது அளவை ஏற்றவரோ எக்கடையில் வாங்கிய வண்டியையும் எந்த நண்பர் வீட்டிலும் ஓட்டலாம். ஒரே மண்டபத்தில் இம்மூன்று மரபுகளும் அருகருகே இருந்தன. அங்கிருந்தோருள் நாம் உரையாடிய எவரும், தம் அகலம் எத்தனை மில்லிமீட்டர் பிழையானது என்பதை அறியாதவர் அல்லர். ஓஓ மரபினர் ஒருவர் புன்னகையோடு, "ஏழு அங்குலம்" என்று கணக்குச் சொன்னார்.

நம் வியப்பு இங்கேதான் தொடங்கிற்று. பிழையின் அளவைத் தெரிந்துகொண்டு அதனோடு வாழ்வது ஒன்று. பிழை உண்டென்றே அறியாதிருப்பது வேறொன்று.

தமிழில் 'ரயில்' என்னும் சொல்லுக்கு மூன்று எழுத்துவடிவங்கள் அச்சில் உள்ளன. ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பிய மரபு; அதைப் போற்றுவோர் 'இரயில்' என்பர். ஆங்கில ஒலிக்கு நெருக்கம் வேண்டுவோர் 'ரெயில்' என்பர். ஏனையோர் 'ரயில்' என்பர். இவற்றுள் எது சரி என்று ஆசிரியர் அறைகளில் நடக்கும் விவாதங்களை நாம் பலகாலம் கேட்டிருக்கிறோம். நம் கருத்தில் இது வீண்விவாதம். மூன்றும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. படிக்கும் எவரும் தடம் புரள்வதில்லை. 'தொடர்வண்டி' என்றாலும் இன்றைய மாணவர்க்கு விளங்கும். பிடித்ததை எழுதட்டும், ஒரு நூலுக்குள் ஒரே வடிவமாக எழுதினால் போதும்.

அந்த ஏழு அங்குலம் இருப்பது வேறிடத்தில். பாடநூல் 'தண்டவாளம்' என்றும் 'இருப்புப்பாதை' என்றும் கற்பிக்கிறது. மலாயாவின் தோட்டங்களில் வளர்ந்த முதியவரிடம் கேளுங்கள்: 'கம்பிச் சடக்கு' என்பார். சடக்கு என்பது சாலை. இந்துஸ்தானியின் 'சடக்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. மண்சடக்கு, தார்ச்சடக்கு, கம்பிச் சடக்கு என்று அதற்கு அடைமொழி சேர்த்துத் தம் உலகத்தைப் பெயரிட்டார்கள் நம் முன்னோர். 'ச' என்னும் எழுத்து அகரத்தோடு சேர்ந்து மொழிக்கு முதலாகாது என்பதும் தொல்காப்பிய மரபே; ஆயினும் 'சடக்கு' என்பதற்கு முன்னே எவரும் இகரம் சேர்த்து எழுதப் புறப்படவில்லை. தோட்டத்துச் சொல் திருத்தப்படும் அளவுக்குக்கூட மதிக்கப்படவில்லை என்பதே அதன் பொருளோ என நாம் ஐயுறுவதுண்டு.

ரயில் வழங்கிய சொற்களில் நல்ல தமிழ் நிறைய உண்டு. கம்பத்தின் உச்சியில் கைபோல் ஏறி இறங்கும் அடையாளப் பலகைக்குக் 'கைகாட்டி' என்று பெயர் வைத்தவர் எந்தக் கலைச்சொல் குழுவிலும் இருந்தவர் அல்லர். 'பெட்டி' என்பதும் அவ்வாறு வந்ததே. இலங்கையில் ஏட்டில் 'புகையிரதம்', வாய்மொழியில் 'கோச்சி'. மலாயா ரயில்வேயில் இலங்கைத் தமிழர் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இருந்தனர். தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் பாதைப் பணியாளர்களாக இருந்தனர். ஆக, ஒரே பாதையில் இரு தமிழ்கள் ஓடின. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை முதல் பாதை 1885இல் திறக்கப்பட்டது முதல், அவ்விரு தமிழ்களும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கின என்பது தனியொரு ஆய்வேட்டுக்குரிய பொருள்.

யார்க் மண்டபத்தில் நம் நாட்டுப் பாதை எதையும் நாம் காணவில்லை. நம்முடையது 1 மீட்டர் அகலப் பாதை. எச்ஓ அளவில் அது 11.5 மில்லிமீட்டர் ஆகவேண்டும். அதற்கெனக் கிடைக்கும் தண்டவாளம் 12 மில்லிமீட்டர். அங்கும் அரை மில்லிமீட்டர் பொய் உண்டு. அதைவிடப் பெரிய இடர், செய்யப்படவேண்டிய மூலத்தை இன்று சென்று அளக்க முடியாது என்பது. 1932இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30ஆம் நாள் கடைசி ரயில் புறப்பட்டது. அதன்பின் சிங்கப்பூருக்குள் இருந்த தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. சில பாலங்களும் நிலையக் கட்டடங்களும் எஞ்சின, மற்றது நடைபாதையாயிற்று.

மறையுமுன் அளந்தவர் ஒருவரைப் பற்றி இங்கே கூறவேண்டும். ரோய் இங்கிலாந்து என்பவர் 1925இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார். ஆக்ஸ்ஃபர்டுக்குத் தென்மேற்கே உள்ள பள்ளத்தாக்கில் வைக்கோல் வேய்ந்த பழைய குடில்கள் ஒவ்வொன்றாக உருமாறுவதைக் கண்டார். தனக்கு ரயில்தான் விருப்பம். ஆயினும் ரயில் ஓடும் நிலத்தையும் விட்டுவிட மனம் வரவில்லை. குடில்களை 76இல் ஒரு பங்காகச் செய்யத் தொடங்கினார். லாங் விட்டன்ஹம் என்னும் ஊரில் 1954இல் பென்டன் அருங்காட்சியகம் உருவாயிற்று. 1930களின் அந்தப் பள்ளத்தாக்கு, தோட்டத்துக் கீரைப்பாத்தி வரை, இன்று அங்கே காணக் கிடைக்கிறது. அவர் எந்த மாதிரிக் குடிலையும் பார்த்துச் செய்யவில்லை.

ஆசிரியர்கள் இதைக் கருதவேண்டும். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்த மாணவர் 'ரயில் பயணம்' என்னும் தலைப்பில் எழுதும்போது, தாம் ஒருநாளும் கேட்டிராத 'குப்குப்' ஒலியோடு, தாம் ஒருநாளும் கண்டிராத புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் வருகிறது. காலையில் அவர் ஏறி வந்ததோ மின்சாரத்தில் ஓடும் பெருவிரைவு ரயில். அதன் கதவு மூடும்முன் எழும் ஒலிக்குத் தமிழில் அவர் என்ன சொல்வார் என்று எவரும் கேட்கவில்லை. நகலுக்கு நகல் எடுக்கையில் பிழை கூடும். மூலத்தைப் பாராதவர்க்கு எவ்வளவு கூடிற்று என்பதும் தெரியாது. தேர்வுக்குப் பொதுத்தமிழ் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை, 16.5 மில்லிமீட்டர் இல்லாமல் எல்லாருடைய வண்டியும் ஓடாது. அதற்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவை மாணவர் அளந்து சொல்லக் கூடியவராக இருக்கவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அளக்கும் முறையையும் கண்காட்சியிலிருந்தே பெறலாம். மாதிரி செய்வோர் ஒரு கட்டடத்தைப் படமெடுக்கும்போது, கறுப்பும் வெள்ளையுமாக அளவு குறித்த கோலொன்றைச் சுவரில் சாய்த்து வைத்து எடுப்பர். கோல் இல்லாத படம் அழகாயிருக்கும். அதிலிருந்து எதையும் செய்ய இயலாது. சொல் தொகுப்பதற்கும் கோல் வேண்டும். முதியவர் ஒருவர் சொன்ன சொல்லோடு, அவர் பிறந்த ஊர், செய்த வேலை, எந்த நிலையத்தில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, அச்சொல் சுட்டிய பொருள் எத்தகையது, அவருடைய மேலதிகாரி அதை எவ்வாறு சொன்னார் ஆகியவற்றையும் குறிக்கவேண்டும். உச்சரித்தபடியே எழுதவேண்டும், திருத்தக்கூடாது. சக்கரம் பாதை மாறும் இடம், தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை, சல்லியை வாரும் கருவி, பாதைக்காவலரின் குடிசை என நாற்பது ஐம்பது பொருள்களின் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டாலே போதும்.

யாரிடமிருந்து தொடங்குவது என்று மாணவர்கள் கேட்கலாம். புக்கிட் தீமா நிலையத்தில் 2011 வரை ஒரு பழைய முறை இருந்தது. ஒற்றைப்பாதையில் செல்ல உரிமை தரும் டோக்கனைப் பெரிய வளையமொன்றில் பொருத்தி, நிலையப் பணியாளர் ரயிலில் வருபவரிடம் கைமாற்றுவார். மலாயா ரயில்வேயில் அவ்வளையத்தைக் கையாண்டவர்களுள் இன்றும் நம்மிடையே இருக்கும் தமிழர்களைத் தேடுங்கள். வளையத்திற்கு அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.