இல்லாத கையின் வலி

அவைத்தலைவர் அவர்களே, பத்தாண்டுகளாக இவ்வட்டத்தைப் பேணி வளர்த்துவரும் அன்பர்களே, கவிஞர் பெருமக்களே!

கவிதையின் ஊற்று நினைவு என்பதை இம்மேடையில் பலரும் மொழிந்துள்ளனர். அந்நினைவை மூளைக்குள் தேடிச்சென்ற தமிழர் ஒருவரின் ஆய்வைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். அவர் விளையனூர் இராமச்சந்திரன். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 2007இல் பத்மபூஷண் விருது பெற்றவர்.

பார்வைப் புலனை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1990களின் தொடக்கத்தில் கை இழந்தோர் பக்கம் திரும்பினார். வெட்டி அகற்றப்பட்ட கை இன்னும் இருப்பதாகவே அவர்களுட் பலர் உணர்கின்றனர். அக்கை அரிக்கிறது; விரல்கள் மடங்கி, நகங்கள் உள்ளங்கையில் ஊன்றுகின்றன; வலி உறங்கவிடுவதில்லை. இல்லாத உறுப்பு எங்ஙனம் வலிக்கும்?

கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சு முனையால் தொட்டார் இராமச்சந்திரன். தொட்டது கன்னத்தை, உணர்ந்ததோ இல்லாத கட்டைவிரலிலும்! உடலின் தொடுவுணர்வு மூளைப் புறணியில் ஒரு வரைபடம்போல் விரிந்துள்ளது. அதில் கைக்கு அண்டை முகம். ஆளின்றிக் கிடந்த நிலத்தை அண்டைவீட்டார் உழத் தொடங்கியதுபோல், கைக்குரிய பகுதிக்குள் முகம் நுழைந்துவிட்டது என்பது அவர் தந்த விளக்கம்.

பின்னர் ஒரு பெட்டியின் நடுவே நிலைக்கண்ணாடி ஒன்றை நிறுத்தினார். நலமான கையை ஒருபுறம் வைத்தால், அதன் பிம்பம் இழந்த கை இருக்கவேண்டிய இடத்தில் தோன்றும். அக்கையை விரித்தால், மறுகையும் விரிவதாகக் கண் காண்கிறது. ஆண்டுக்கணக்கில் இறுகியிருந்த விரல்கள் திறந்ததாகச் சிலர் உணர்ந்தனர். அவர்தம் வலியும் தணிந்தது. இம்முறை எல்லார்க்கும் பலித்தது என்று சொல்வதற்கில்லை. எனினும், ஒரு கண்ணாடியின் விலையில் சிலர்க்கேனும் ஆறுதல் கிட்டியது.

கதை இத்துடன் முடியவில்லை. 2013இல் ஆக்ஸ்போர்டில் தாமர் மேகின் என்பாரும் குழுவினரும், கை இழந்தோர் தம் இல்லாத கையை அசைக்க முயன்றபோது அவர்தம் மூளையைப் படம்பிடித்தனர். கைக்குரிய பகுதி உயிர்ப்புடன் இயங்கியது. வலி மிகுந்தவர்களிடம் அவ்வியக்கமும் மிகுந்திருந்தது. அண்டைவீட்டார் நுழைந்ததாலேயே வலி என்ற கருத்து இதனால் ஐயத்துக்குள்ளாயிற்று. ஆய்வுலகில் இவ்வழக்கு முடிந்தபாடில்லை. ஆயினும் ஒன்று தெளிவாகிறது: உடல் இழந்த கையை மூளை எளிதில் கைவிடுவதில்லை.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்தையே எண்ணிப் பாருங்கள். காளவாசல் என்றால் சூளை. இன்று இங்குப் பேருந்துகள் இரைகின்றன, மேம்பாலம் நிற்கிறது, சூளை இல்லை. நாவில் மட்டும் அது இருக்கிறது. ஊருக்கும் இல்லாத கை உண்டு போலும்.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. இவ்வுணர்வைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க மருத்துவர் சைலஸ் வேர் மிட்செல், 1866இல் அதனைத் தம் பெயர் குறிக்காமல் ஒரு சிறுகதையாகவே வெளியிட்டார். போரில் கைகால் இழந்த ஒருவன் தன் கதை கூறுவதாக அமைந்தது அது. அவ்வுணர்வுக்கு ‘மாய உறுப்பு’ எனும் பொருள்படும் பெயரை அவர் சூட்டியது 1871இல். மருத்துவச் சொல் பிறக்குமுன் கதை அவ்வலிக்கு இடம் தந்துவிட்டது.

இல்லாத கை வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், “கைதான் இல்லையே, வலி ஏது?” என்று கேட்பது எளிது. அவரை நம்பிச் செவிமடுத்ததால்தான் அந்த ஆய்வு பிறந்தது. மகனை இழந்த தாயும், நிலம் இழந்த உழவரும், ஊரை விட்டு வந்தவரும் அத்தகைய வலியையே சொல்லிக்கொண்டிருக்கின்றனர். அச்சொல்லை நம்புவது நம் எழுத்தின் கடமை. அடுத்த பத்தாண்டுகளிலும் இவ்வட்டம் அக்கடமையை ஆற்றுக என வாழ்த்தி அமைகிறேன்.