பவளத் தோட்டத்தில் ஒரு பகல்



பவளம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது செந்நிறமே. முத்தோடு சேர்த்து அதனை நவமணிகளுள் ஒன்றாகப் போற்றியவர்கள் நம் முன்னோர். ஆயினும் அந்தச் செம்பவளம் பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் விளைந்து, மரக்கலம் ஏறி நம் நாட்டுக்கு வந்த பொருளாகும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற ‘செங்கடற் செலவு’ என்னும் நூல், முசிறித் துறையில் வந்திறங்கிய பண்டங்களுள் பவளத்தையும் எண்ணிச் சொல்கின்றது. நம்மைச் சூழ்ந்த ஆழமற்ற வெப்பக் கடலில் பாறை பாறையாக வளர்வதோ வேறொரு பவளம். அதனைக் கழுத்தில் அணிய இயலாது. கடலுக்குள் சென்று கண்டு மகிழலாம். அவ்வாறு காணச் சென்ற ஒரு நாளைப் பற்றியும், அன்று நான் செய்த ஒரு பிழையைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இலங்கையின் கிழக்குக் கரையில், திருக்கோணமலைக்கு வடக்கே, நிலாவெளி என்னும் அழகிய ஊர் இருக்கிறது. அவ்வூர்க் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருப்பது புறாத்தீவு. அங்குள்ள பாறை இடுக்குகளில் மலைப்புறாக்கள் கூடு கட்டி வாழ்வதால் அதற்கு அப்பெயர் வந்தது. 1963ஆம் ஆண்டில் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட அத்தீவு, 2003ஆம் ஆண்டில், சூழ்ந்துள்ள கடலோடு சேர்த்துத் தேசியப் பூங்கா ஆயிற்று. ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கினால் அக்கடல் கொந்தளிக்கும். ஆனி, ஆடி மாதங்களிலோ குளம்போல் அமைதியாகக் கிடக்கும். நான் சென்றது ஓர் ஆடி மாதக் காலை.

அனுமதிச் சீட்டுப் பெற்றுப் படகில் ஏறினேன். படகோட்டி அறுபது வயதைக் கடந்த முதியவர். நான் பள்ளி ஆசிரியன் என்று அறிந்ததும், “வாத்தியார், முதலில் கரையோரமாய் மூச்சுவிட்டுப் பழகுங்கோ, பிறகு அங்காலை போகலாம்” என்றார். கால்மணி நேரத்தில் தீவை அடைந்தோம். அங்கே கால் வைத்தவுடன் ஒரு புதுமையைக் கண்டேன். கரையில் மணலைவிட மிகுதியாகக் கிடந்தவை வெண்ணிறப் பவளத் துண்டுகள். மான்கொம்பு போல் கிளைத்திருந்த ஒரு துண்டைக் கையில் எடுத்தேன். எங்கள் பள்ளியின் அறிவியற் கூடத்துக்கு ஆகும் என்று எண்ணி அதனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி ஒன்று, வாயில் கவ்விக்கொள்ளும் மூச்சுக்குழாய் ஒன்று, தவளைப் பாதம் போன்ற இறப்பர்ச் செருப்புகள் இரண்டு: இவையே அங்கு வேண்டிய கருவிகள். முகத்தை நீரில் ஆழ்த்தி, வாயினால் மூச்சு விட வேண்டும். முதலில் நெஞ்சம் படபடத்தது. சிறிது நேரத்தில் மூச்சு சீரடைந்தது. கண்ணுக்கு எதிரே ஒரு புதிய உலகம் விரிந்தது.

அதனை எவ்வாறு சொல்வேன்! மான்கொம்புகள் போன்ற பவளங்கள், மேசைபோல் தட்டையாகப் படர்ந்தவை, மனித மூளை போன்ற மடிப்புகளுடன் உருண்டு திரண்டவை எனப் பலவாறு அவை காட்சி அளித்தன. அவற்றினூடே வண்ண மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. ‘கறுக், கறுக்’ என்னும் ஓசை என் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால், கிளிமீன் ஒன்று தன் அலகு போன்ற பல்லால் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அது விழுங்கும் சுண்ணாம்பு அதன் வயிற்றில் பொடியாகி, மணலாக வெளிவருகின்றது. நாம் நடந்து மகிழும் வெண்மணற் கரைகள் பலவற்றுக்கு இம்மீன்களும் காரணம் என்றால் வியப்பன்றோ! துடுப்பின் நுனி கறுத்த சிறு சுறா ஒன்றும் என்னைப் பொருட்படுத்தாமல் கடந்து சென்றது.

நிற்க. இந்த இன்பத்தில் மூழ்கியிருந்தபோதுதான் அது நிகழ்ந்தது. கண்ணாடிக்குள் நீர் புகுந்தது. மூச்சுக்குழாயிலும் உப்புநீர் ஏறியது. நான் திகைத்துக் கால் ஊன்ற இடம் தேடினேன். காலுக்குக் கீழே பாறைபோல் ஒன்று தட்டுப்பட, அதன்மேல் ஏறி நின்றேன். மறுகணம் அது முறிந்தது. என் கணுக்காலிலும் கீறல் விழுந்தது.

படகோட்டி நீந்தி வந்து என் கையைப் பிடித்தார். “ஐயா, நல்ல வேளை, அங்கே ஒரு கல் இருந்தது” என்றேன். அவர் சினந்து பேசவில்லை. “அது கல்லில்லை, வாத்தியார். உயிருள்ள பொருள். இனி அதில் கால் வையாதேங்கோ” என்றார். அவ்வளவுதான். ஆனால் அச்சொற்கள் கணுக்காலின் கீறலைவிட ஆழமாகத் தைத்தன. பவளம் உயிர் என்பது எனக்குத் தெரியாததன்று. வகுப்பில் ஆண்டுதோறும் கற்பித்த பாடம் அது. ஏட்டில் கற்றதைக் கால் அறியவில்லை!

அந்த உயிரின் இயல்பைக் கேளுங்கள். பவளத்தின் மேற்புறம் முழுவதும் சிறு பூப்போன்ற உயிர்கள் ஆயிரக்கணக்கில் நெருங்கி வாழ்கின்றன. ஒவ்வொன்றும் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி கதிரவன் ஒளியால் உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறது. பவளமோ பாசிக்கு உறைவிடமும் கரியமிலவாயுவும் தருகிறது. பவளத்தின் வண்ணத்திற்கும் பெரும்பாலும் இப்பாசியே காரணம். உருண்டை வடிவப் பவளம் ஓராண்டில் வளர்வது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே; பலவற்றில் அதனினும் குறைவு. கிளைப் பவளம் சற்று விரைந்து வளரும். ஆயினும் நான் ஒரு நொடியில் முறித்தது பல ஆண்டு உழைப்பு என்பதில் ஐயமில்லை. உலகக் கடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இப்பாறைகளைக் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அண்டி வாழ்கின்றன என்பர் அறிஞர்.

கடல்நீரின் வெப்பம், கோடையில் வழக்கமாக எட்டும் அளவைவிட ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே இந்த நட்பு முறிந்துவிடுகிறது. பவளம் பாசியை வெளியேற்றி, வெளுத்து, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் பிழைக்கும்; இல்லையேல் மடியும். 1998ஆம் ஆண்டில் இந்துமாக்கடலின் பவளங்கள் பெருமளவில் இவ்வாறு அழிந்தன. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வதாக 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அறிவியலார் அறிவித்தனர். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் எழுப்பும் புகையே கடல் சூடேறுவதற்குத் தலையாய காரணம். அந்தக் கடலில் ஒருபோதும் இறங்காதவர்களும் தம்மை அறியாமலே அந்தப் பவளத்தின்மேல் கால் வைத்திருக்கிறார்கள். நம்மில் எவருக்கும் பவளத்தோடு பகையில்லை. தெரிந்த உண்மையை நினைவில் நிறுத்தாததே நம் குற்றம்.

மாலையில் படகு ஏறுமுன், பையிலிருந்த வெண்துண்டை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தேன். உயிரற்ற அத்துண்டும் அலையைத் தடுத்துக் கரையைக் காக்கிறது; அதனை எடுத்துச் செல்வதும் பூங்கா விதிக்கு மாறானது. முதியவர் பார்த்துப் புன்னகைத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் அறிவியற் கூடத்து அலமாரியில் அந்த இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. மாணவர் எவரேனும் காரணம் கேட்டால், இன்று உங்களிடம் சொன்ன இக்கதையையே அவர்களுக்கும் சொல்கிறேன். நீங்களும் ஒருநாள் அக்கடலைக் காணச் செல்லுங்கள். கண்ணாரக் காணுங்கள், கால் மட்டும் ஊன்றாதீர்கள்.