வெட்டாமல் கிடந்த துணி



என் அண்ணன் தையற்காரர். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது அவர் கடைக்குப் போனேன். மேசைமேல் சட்டைத் துணி விரித்துக் கிடந்தது. சாக்பீஸ் கோடு போட்டிருந்தது. கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. அவர் கோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாளும் அதே துணி, அதே கோடு. "எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலடா" என்றார். முப்பது வருஷம் கத்தரி பிடித்த கை!

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீசன் நேரத்துல சோம்பல்படாதண்ணே" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு சுடுகிறது. அண்ணி சுற்றிப் போட்டார். அம்மா தர்காவில் மந்திரித்துக் கயிறு வாங்கி வந்தார். தோள்வலி, வயிற்றெரிச்சல் என்று மூன்று டாக்டரைப் பார்த்தோம். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். எங்களுக்கு நிம்மதி, அவரோ இன்னும் குறுகிப்போனார். கடைசியில் அரசு மருத்துவமனை டாக்டரம்மா ஒருவர் கேட்டார்: "விடியக்காலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதா?" அண்ணன் உடைந்து அழுதார். அதுவரை எங்களில் ஒருவரும் அவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

மனச்சோர்வு நோய் என்றார் அந்த அம்மா. துக்கம் வேறு, இது வேறு. சாவு வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்கூட, பேரப்பிள்ளை மடியில் ஏறினால் ஒரு நொடி முகம் மலர்கிறார். இந்த நோய் முற்றினால் அந்த நொடியும் போய்விடுகிறது. பசி போகும், பிடித்தது பிடிக்காமல் போகும், 'எல்லாருக்கும் நான் பாரம்' என்ற நினைப்பு உள்ளே குடியேறும். நாளின் பெரும்பகுதி, அநேகமாக தினமும், இரண்டு வாரம் இப்படி இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இப்படி ஆளை அசத்தும். ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளை பெற்றவள் குழந்தையைப் பார்க்கவே மனமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால், "பச்ச உடம்பு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள் தாய்மார்களே.

சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று மறைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவதை அரசின் கடமையாக்குகிறது.

அண்ணனுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை. "பழக்கமாயிடும், நிறுத்திடலாம்" என்றார்கள் உறவுக்காரர்கள். டாக்டரம்மா விடவில்லை. இந்த மருந்து பிடிக்கவே சில வாரம் ஆகும், போதை போல அடிமையாக்காது, தேறிய பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்று எடுத்துச் சொன்னார். நோய் லேசாக இருந்தால் பேச்சு சிகிச்சையே போதும் என்றும் சொன்னார். தீபாவளிச் சட்டையை அண்ணன் பொங்கலுக்குத் தைத்துக் கொடுத்தார். வாங்கியவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

கைப்பேசியை எடுங்கள், இப்போதே. 14416. டெலி மானஸ் என்று பதிந்துகொள்ளுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் இது. காசு இல்லை, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.